செல்லையும் கொன்ற மருந்து

என்னங்க,

"என் பொண்டாட்டி கண்டுபிடிச்ச மருந்தையே குடுங்க" என்று டாக்டரிடம் அடம்பிடிக்கிறீர்களாமே!

உங்களைப் படுக்கையில் தள்ளிய அந்த வைரஸுக்குத் தானாகப் பெருகத் துப்பில்லை. நம் செல்லிலுள்ள ஒரு புரதத்தை வேலைவாங்கித்தான் பெருகுகிறது. அந்தப் புரதத்தை எங்கள் மருந்து முடக்கியதும் வைரஸ் அடங்கியது. ஆய்வகமே கைதட்டியது. இன்று காலை பார்த்தால் சோதனைத் தட்டிலிருந்த செல்களும் செத்துக் கிடக்கின்றன. அதே புரதம் இல்லாமல் அவற்றாலும் வாழ முடியவில்லை. எரிச்சலில் நாற்காலியை உதைத்தேன். என் கால்தான் வீங்கியது.

"வேற வழியில்லம்மா, குடுத்துப் பாக்கலாமா?" என்று, நீங்கள் தூங்கியபோது வார்டு வாசலில் கேட்டார் டாக்டர்.

"அவரையும் கொன்னுடும் சார், மாட்டேன்!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

மருந்தின் அளவைப் பாதியாக்கிப் புதிய செல்களில் சோதனையை மறுபடி தொடங்கிவிட்டேன். முடிவு தெரியும்வரை ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போடாமல் படுத்திருங்கள். நான் ஜெயிப்பதைப் பார்க்க நீங்கள் இருந்தாக வேண்டும்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி