நடுவுல எடம் இருக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அப்பாவும் நலம், அப்பாவைப் பற்றி இந்தத் தடவை பேனா தயங்காமலே எழுதுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, குளிர் தாங்கவில்லை என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. போன தடவை போனில் நீ, கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சும்மா, அப்பாவுக்காக இனிமே கடவுளிடம் எதுவும் கேட்கப் போவதில்லை என்று அழுதாயே, அப்போது அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனதிலிருந்து நானும் கடவுளிடம் சில நாள் கெஞ்சினேன், சில நாள் சண்டை போட்டேன், சில நாள் அவரோடு பேச்சே வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். நான் கேட்டது ஒன்றுதான், அப்பா உன் பெயரை ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் கண்டக்டராக நின்று தொண்டை கிழியக் கத்திய மனுஷன், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டிக் காட்டுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சாவி, நாற்காலி, பூனை என்று படம் படமாகக் காட்டுவாள். அப்பா வாயைத் திறப்பார், வெறும் காற்றுதான் வரும், உடனே தப்புச் செய்தவர் மாதிரி என்னைப் பார்ப்பார். போன வாரம் அவள், கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாம் என்றாள். கை விரித்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு லிப்டில் ஏறினேன், எங்களுக்குப் பின்னால் ஏறியவர்கள் எல்லாரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே காலில் கட்டோடு ஒரு அம்மா, ஏற வழியில்லாமல் நிற்கிறாள், ஒருவரும் அசையவில்லை. அப்போது என் முழங்கைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எடம் இருக்கு."

வேறு யாரோ என்றுதான் நினைத்தேன் கண்ணு. யார் சொன்னது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அத்தனை பேரும் நகர்ந்தார்கள், அந்த அம்மாவும் ஏறிவிட்டாள். குனிந்து பார்த்தால் அப்பா, தன் வாயிலிருந்தா வந்தது என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அவர் நல்ல கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாக, "உள்ள போங்க" என்றார். என்னைத் தேற்ற அவரிடம் இருந்தது அந்த வார்த்தைதான்.

இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். பசித்தாலும் உள்ளே போங்க, தூக்கம் வந்தாலும் உள்ளே போங்க. பழகிய பேச்சு முதலில் வரும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை இழுத்துப் பார்க்கலாம் என்று பயிற்சிக்காரப் பெண் மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். உன் பெயர் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று சொல்ல நான் யார், நான் நினைத்த நாளில் எதுவும் நடக்கவில்லை, நான் கைவிட்ட நாளில்தான் நடந்தது. இத்தனை நாளும் நாம் சுவரோடு பேசவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கிவிட்டது, இப்போதைக்கு அது போதும். உனக்கு அலுப்பாக இருந்தால் கேட்காதே, உன் பங்கையும் சேர்த்து நானே கேட்டுக்கொள்கிறேன், யார் கேட்டது என்று கடவுள் பிரித்துப் பார்க்க மாட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. நீங்கள் இருவரும் மனம் நிறைந்து வாழ வேண்டும், கடவுள் உங்களுக்குத் துணை இருப்பார். ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பா காதில் வைப்பேன், அவர் வாய் திறக்க நேரமாகும், சத்தமில்லை என்று வைத்துவிடாதே, அவர் அங்கேதான் இருப்பார். உள்ளே போங்க என்று அவர் சொன்னால், "ஏறிட்டேம்ப்பா" என்று சொல்லு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா