தீ வரையாத பாய்லர்

ஜூன் 12, வியாழன். உலு திராம்.

பாசிர் கூடாங்கில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், பாய்லருக்கு இயற்கை எரிவாயுவுக்குப் பதிலாக ஹைட்ரஜன் போட்டுப் பார்த்தார்கள். அந்த வேலையை நம்பித்தான் இவர், தினமும் எல்லை தாண்டிப் போய்வந்த சிங்கப்பூர் வேலையை விட்டார். இன்று அதை நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தார். "ஹைட்ரஜன் கட்டுப்படி ஆகலையாம். திரும்ப கேஸுக்கே மாத்துறாங்க. எங்க டீம் வேணாமாம்," என்றார்.

மகள் ஜெனி கேட்டுக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளியில் அவள் வரைந்த பாய்லர் படம் ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அதில் தீ கிடையாது. ஹைட்ரஜன் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

"அப்ப இனிமே தீ தெரியுமாப்பா?"

"தெரியும்லா. நீலமா தெரியும்."

அவளுக்கு ஒரே சந்தோஷம். படத்தை எடுத்து வந்து நீலத்தை அழுத்தித் தீட்டினாள். எனக்கு அதைப் பிடுங்கிவிடலாம் போல் இருந்தது. இவரோ பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் மேல போடுமா," என்றார்.

பிறகு சிங்கப்பூரில் இருக்கும் பழைய சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். நாளைக்கே வரச் சொல்லிவிட்டாராம். அந்த வேலையில் இருந்தபோது ஜெனி எழும் முன்பே கிளம்பி, அவள் தூங்கிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு அப்பா.

"மிச்சத்தைக் காலையில சேர்ந்து போடலாம்பா," என்று சொல்லிவிட்டு ஜெனி படுத்தாள்.

சரி என்றார். அவள் தூங்கியதும் அலாரத்தை நாலு மணிக்கு வைத்தார்.