கிணற்றில் இறங்க விடாதவர்

786
ராஜபாளையம்
18-5-1988

ஸ்ரீவில்லிபுத்தூர் தீயணைப்பு நிலையம், சௌந்தரபாண்டியன் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். வ. புதுப்பட்டிக் கிணற்றடியில் நீங்கள் மரத்தோடு கட்டிப்போட்டீர்களே, ஆயில் இன்ஜின் மெக்கானிக் காதர், அவருடைய மனைவி எழுதுகிறேன். கிணற்றுக்குள் மயங்கி மௌத்தாகிப்போன பீர் முகமது என் தம்பி.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. தம்பியை மேலே எடுத்து எங்களிடம் ஒப்படைத்தீர்கள், மறக்க மாட்டேன். ஆனால் இவர் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால், "என்னையச் செத்த நேரம் விட்டிருந்தா மச்சானைத் தூக்கிட்டு வந்திருப்பேன்" என்பது ஒன்றுதான். இவரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

விட்டிருந்தால் என் தம்பி பிழைத்திருப்பானா? எனக்கு நோகுமென்று பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

தங்கை,
ஹபீபுன்னிசா

உ
ஸ்ரீவில்லிபுத்தூர்
23-5-1988

அன்புத் தங்கைக்கு,

பூசி மெழுகவில்லை அம்மா. பிழைத்திருக்க மாட்டான்.

கிணற்றுக்குள்ளேயே இன்ஜினை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். புகை அடியில் தங்கிவிட்டது. காதர் சாமான் எடுக்க மேலே வந்த நேரத்தில் தம்பி சாய்ந்துவிட்டான்.

கிணறு என்று போன் வந்தால், ஆள் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்குவோம். அன்று பாதிக் கிணற்றிலேயே அணைந்துவிட்டது. விளக்கு எரியாத இடத்தில் மனிதன் மூச்சுவிட முடியாது. அதைப் பார்த்த பிறகும் காதர் குதிக்கப் போனார். எத்தனை பேர் பிடித்தும் நிற்கவில்லை, அதனால்தான் கட்டினோம்.

பிறகு தண்ணீரைப் பூவாகச் சிதறவிட்டு, வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றை மாற்றினோம். எங்கள் நிலையத்து வீரர் சங்கிலிப்பாண்டி மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் தொட்டபோது நாடி இல்லை. எங்கள் வண்டி வருமுன்பே முடிந்திருக்கும்.

ஒருவரைத் தூக்க ஒருவர் இறங்கி, ஒரே கிணற்றில் அடுத்தடுத்துப் பிணம் எடுத்தவன் நான். எல்லாரும் பாசத்தில் இறங்கியவர்கள்தான். உங்கள் வீட்டுக்கும் இரண்டாக வந்திருக்கும்.

தம்பியைக் காப்பாற்ற முடியாத வருத்தம் எனக்கும் உண்டு. காதர் என்னைத் திட்டினால் திட்டட்டும். தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாமென்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சௌந்தரபாண்டியன்

786
ராஜபாளையம்
29-5-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். விளக்கு அணைந்த இடம் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அப்புறம் ஓவென்று அழுதார், கபருஸ்தானில்கூட அழாத மனிதர். தம்பி போனபின் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

நீங்கள் கட்டியிராவிட்டால் நான் யாரோடு சேர்ந்து அழுதிருப்பேன்? ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்கும் சங்கிலிப்பாண்டி அண்ணனுக்கும் துஆ கேட்கிறேன். வேறு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தானாகவே சோறு கேட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "ஏட்டி, கட்டுறப்ப நான் அவிய கையைக் கடிச்சிட்டேன். எம்புட்டு ரத்தம்! அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்றார்.

இல்லை என்றேன். வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"புண்ணு ஆறிருச்சான்னு கேட்டு எழுது."

ஆறிவிட்டதா அண்ணே?

தங்கை,
ஹபீபுன்னிசா