ரெண்டு காப்புறுதிக்காரி

பூனாகலை
03.05.2024

அன்பு மகன் விஜேந்திரனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், இடுப்பு மட்டும் சுகமில்லை. போன் எடுத்தால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதுதான் எழுதுகிறேன்.

பதுளை டொக்டர் இடுப்பு மூட்டை மாற்றச் சொல்லிவிட்டார். பெரியாஸ்பத்திரியில் முறை வர வருசத்துக்கு மேலாகுமாம். பிரைவேட்டில் செப்டம்பரிலேயே நாள் இருக்கிறது, செலவைக் காப்புறுதி கொடுக்கும். எனக்கென்ன பயம்? உன் டீச்சர் அக்காவின் அரசாங்கக் காப்புறுதி ஒன்று, உன் கூட்டுத்தாபனக் காப்புறுதி ஒன்று. பக்கத்து லயத்துப் பாக்கியலெட்சுமி, "ரெண்டு காப்புறுதிக்காரி வர்றா, வழிய விடுங்கடி" என்று தேயிலைக் கொழுந்துக்கு ஆள் கூடும் பெரட்டிலேயே கத்துகிறாள். நானும் நொண்டலைக் கொஞ்சம் கூட்டி நடந்து காட்டுகிறேன்.

விசயம் இதுதான். தனலெட்சுமி அக்காவுக்கு ஹல்துமுல்லையில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. கல்யாணமானால் அவள் காப்புறுதியில் என் பேர் போய்ப் புருசன் பேர் வந்துவிடும். "ஒங்க ஒப்பரேசன் முடியட்டும்மா, பொறகு பாப்போம்" என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் ஆவணிக்கு மேல் பொறுக்க மாட்டார்களாம். உன்னுடையது மட்டும் போதுமா? விசாரித்து எழுது ராசா.

அன்பு அம்மா
இராக்கம்மா

கொழும்பு
16.05.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

என்னுடையது போதும். அக்கா கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அவளுக்கு முடிந்தால்தானே எனக்கும் வழி. ஒப்பரேசனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகன்
விஜேந்திரன்

பூனாகலை
12.09.2024

மகனுக்கு,

அக்கா தாலி வாங்கிய கையோடு நீ பஸ் ஏறிவிட்டாய். நேற்று நானும் அவளும் பதுளை பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை, "டீச்சர் கல்யாணம் முடிச்சிட்டாங்க, அதுல நீங்க இல்லம்மா" என்றது.

"அது தெரியும் தாயி, மகனோடதப் பாரு" என்றேன்.

எங்கேயோ போன் பண்ணிக் கேட்டுவிட்டு, "அதுலயும் நீங்க இல்லம்மா. மார்ச் மாசத்துல இருந்து அவரு சம்சாரம் பேருதான் இருக்கு. கலாராணி" என்றது.

"அது வேற விஜேந்திரனா இருக்கும். என் மகன் இன்னும் கன்னிப் பையன்" என்று சிரித்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. உன் அடையாள அட்டை நம்பரை வாசித்துக் காட்டியது.

மருமகள் வந்த சேதியை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கேட்ட மாமியார் இந்த மலையில் நான் ஒருத்திதான். போன மாதிரியே திரும்பி வந்தோம்.

உன் காப்புறுதியில் என் பேர் போனது மார்ச் மாசம். போதும் என்று நீ எழுதியது மே மாசம். எப்படி மகனே?

அம்மா

கொழும்பு
20.09.2024

அம்மா,

அது கல்யாணம் இல்லை, பதிவு மட்டும்தான். தாலி இன்னும் கட்டவில்லை. கலாராணிக்கு வயிற்றில் கட்டி, உடனே எடுக்க வேண்டியிருந்தது. காப்புறுதியில் சேர்க்கத்தான் பதிந்தோம். அக்கா இருக்கத் தம்பி முந்தக்கூடாது என்பீர்களே, அதனால் சொல்லவில்லை. உங்கள் பேர் போகும் என்று தெரியும். அக்கா கல்யாணம் நின்றால் எங்களுடையதும் நின்றுவிடும் என்று பயந்துதான் அப்படி எழுதினேன். கார்த்திகையில் பண்டாரவளைக் கோயிலில் தாலி கட்டுகிறேன். நீங்கள் முன்னால் நிற்க வேணும்.

விஜேந்திரன்

பூனாகலை
06.10.2024

விஜேந்திரனுக்கு,

அந்தப் பிள்ளையின் கட்டியை எடுத்தது நல்லது. கேட்டிருந்தால் என் பேரை நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். அக்காவையும் செப்டம்பர் வரை பிடித்து நிறுத்தியிருப்பேன். உன் எழுத்தை நம்பி, மாட்டேன் மாட்டேன் என்றவளை நான்தான் மணவறைக்குத் தள்ளிவிட்டேன். இப்போது அவள் வந்தால் என் இடுப்பைப் பார்த்து அழுகிறாள். புதுப்பெண்ணுக்கு அழகா அது?

பெரியாஸ்பத்திரியில் பேர் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருசக் கடைசியாம். மலை ஏற முடியவில்லை, கொழுந்துக்குப் போவதை விட்டுவிட்டேன். பாக்கியலெட்சுமி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். அவள் கத்தினாலாவது தேவலை.

கோயிலுக்கு வர மாட்டேன். அம்மாவால் பஸ் ஏற முடியவில்லை என்று சொல்லிக்கொள். நம்புவார்கள், பொய்யும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் என் பேர் வேண்டாம். பேரை எடுப்பது உனக்குப் புதுசில்லையே.

கலாராணியைக் கனம் தூக்க விடாதே. வயிற்றைக் கிழித்த உடம்பு.

இராக்கம்மா