இடுகாட்டில் ஒடித்த ஒன்பது குச்சி

முருகன் துணை

புக்கிட் செலம்பாவ்,
தாரண வருஷம், புரட்டாசி 14

அன்பு மகள் குணவதிக்கு அப்பன் முருகையா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், இந்த வருஷம் அதற்குப் பெயர்தான் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை நடராஜாவும் பேத்தியும் எங்களைவிட ஒரு பிடி கூடுதல் சௌக்கியமாக இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நான் சொல்லாவிட்டால் உன் அம்மா யாரையாவது பிடித்துத் தனியாக ஒரு கடுதாசி எழுதவைப்பாள், அவள் சொன்னால் என் மானம் இன்னும் நாலு முழம் குறையும். உன் அப்பன் போன வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் தோட்டத்து இடுகாட்டில் திருடிப் பிடிபட்டான். திருடியது மரவள்ளிக் குச்சி. பிடித்தது மருதம்மாள். என் முன்பல் ஒன்று ஆடுகிறது, அதுவும் அவள் கைங்கரியம்தான். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள், ஆனால் கடுதாசியைக் கடைசிவரை படி, வருகிற வருஷம் உன் பிள்ளை சாப்பிடுமா சாப்பிடாதா என்பது இதில்தான் இருக்கிறது.

உன் கடுதாசி ஆவணியில் வந்தது. குளுவாங்கில் உங்கள் தோட்டத்தில் கிழங்கு தொடை தொடையாக இறங்குகிறது, கெடாவிலிருந்து லாரியில் வந்த குச்சியாம், அனுப்பிய புண்ணியவானை எல்லோரும் வாழ்த்துகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் புண்ணியவான் நான்தான் தாயி. அந்தக் குச்சியை வெட்டிக் கட்டுப்போட்டு லாரியில் ஏற்றியது இந்தக் கைதான். எங்களுக்கும் முதல் போகம் அப்படித்தான் இறங்கியது. நாங்கள் இரண்டாம் போகத்தையும் பார்த்துவிட்டோம், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. மழைக்கு முன்னால் உங்கள் கூலி லயத்தில் மறுபடி நடத் தொடங்கிவிடுவார்கள் என்பதால்தான் இந்த அவசரம்.

உனக்குத் தெரியும், வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, குறைந்தபட்சம் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நன்றாகப் பால் விடுகிற ஒரு மரத்தில் மொட்டுகளை எடுத்து ஆயிரம் கன்றில் வைத்தால் ஆயிரமும் அதே மரம், விதைபோட்டு வளர்த்தால் ஒன்று பால் வடிக்கும் ஒன்று மூக்குச்சளி அளவு வடிக்கும், இதுதான் என் வேதம். ஜப்பான்காரன் வந்து ரப்பரைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்ன வருஷம், கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி லயத்துக் கொல்லைகளைச் சுற்றிப் பார்த்தான். குட்டையும் நெட்டையும் சிவப்பும் கறுப்புமாக எல்லாம் கலந்து கிடந்தது, பார்த்து முகத்தைச் சுளித்தான். மறுநாள் காலை ஆள் எண்ணுகிற பெரட்டில், இதில் விவரம் தெரிந்தவன் யார் என்று கேட்டான். முந்நூறு பேர் தரையைப் பார்த்தார்கள். உன் அப்பன் கையைத் தூக்கினான். எல்லாவற்றிலும் கனமாகக் கிழங்கு வைத்திருந்த ஒரே ஒரு செடியைக் காட்டி, இதன் குச்சியை மட்டும் வெட்டி வெட்டி நடுவோம், மற்றதெல்லாம் நிலத்துக்குத் தெண்டம் என்றேன். அவன் என் தோளைத் தட்டினான். அன்றைக்கே அதற்கு முருகையா குச்சி என்று பெயர் விழுந்தது, நானும் மீசையைத் தடவிக்கொண்டேன், அப்போது மீசை நிற்கிற அளவுக்கு முகத்தில் சதை இருந்தது.

மருதம்மாளை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ பாதி நாள் அவள் வீட்டில்தான் கிடந்தாய், அவள் மகள் பாப்பம்மாவும் நீயும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். புல் வெட்டிப் பிழைக்கிற பொம்பிளை, ஆனால் கொல்லை என்றால் அது கொல்லை. நாலைந்து ரகம் மரவள்ளி, ஒவ்வொன்றுக்கும் மருமகளுக்கு வைப்பதுபோல ஒரு பட்டப்பெயர். சீக்கிரம் கிழங்கு கொடுப்பவள் ஆறுமாசக்காரி, காற்றுக்குச் சாயாதவள் குட்டைச்சி, ஈரத்தில் நின்றாலும் அழுகாதவள் கறுப்புத்தண்டு, கொல்லை ஓரத்தில் காவல் நிற்கிற கசப்புக்காரி பன்றிவிரட்டி. நடுநடுவே காய்ச்சலுக்கு நிலவேம்பு. அது போதாதென்று, காய் வெடித்து விழுந்த விதையில் தானாக முளைத்த கன்றுகளையும் பிடுங்காமல் விட்டு வைத்திருந்தாள். அப்பன் பெயர் தெரியாத இதுகளை எதற்கு வளர்க்கிறாய், ஒன்றாவது தாயைப்போல வருமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒட்டுக்காரரே, ஒம்ம மக ஒம்மள மாதிரியா இருக்கா, நல்லவேளை ஆத்தா மூக்கோட பொறந்துட்டா, அதுக்காவ வெட்டிப் போட்டீரா என்றாள். லயமே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். கலப்புச் செடிகளை அழிக்கச் சொல்லிக் கண்ணாடிக்காரன் போட்ட உத்தரவு எல்லாக் கொல்லைக்கும் பொதுதான் மகளே, ஆனால் நான் போட்ட வரிசையில் எட்டாவதாக இருந்த கொல்லையை முதலாவதாக்கியது அந்தச் சிரிப்பு. குவித்துக் கொளுத்தும்போது நிலவேம்பு வெந்து புகை கசந்தது, மருதம்மாள் சமையல் இப்படித்தான் இருக்குமா என்று நான் ஒரு வேடிக்கை சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். அவள் மட்டும் தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் போகத்தில் ஒரு செடிக்கு ஒரு கூடை. உன் அப்பன் நடந்தால் பிள்ளைகள் பின்னால் வந்தன. ரப்பரைச் சாய்த்த அதே மேட்டில் அதே குச்சியை மறுபடி நட்டோம். அதற்குள் கெடாவைச் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள், யாருக்குக் கொடுத்தாலும் பசியை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள். மழை விடாமல் பிடித்தது. செடி வெளியே பச்சையாக நின்றது, பிடுங்கினால் கையில் கூழ், நாற்றம் குளித்தாலும் போகவில்லை. ஒரு செடிக்கு வந்தது அத்தனைக்கும் வந்தது, ஏனென்றால் அத்தனையும் ஒரே செடிதானே, நான்தானே அப்படிச் செய்தேன். பதினைந்து நாளில் மேடு முழுவதும் முடிந்தது. முருகையா அழுகிப்போனான்டோய் என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டின, பிறகு பாடத் தெம்பில்லாமல் நிறுத்திக்கொண்டன.

எங்களை வேலை வாங்கின மண்டோர் சின்னையா வீட்டில் ஓடை ஓரமாகத் தப்பிக் கிடந்த கிழங்கைத் தோண்டி, பசி அவசரத்தில் ஊறவைக்காமல் ஒரு கொதி காட்டித் தின்றார்கள். அது விஷம் முறியாத பன்றிவிரட்டி. பன்றிக்கு இருந்த புத்தி அவர்களுக்கு இல்லை என்று நான் முதலில் சொல்லிவிட்டேன், பிறகு வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். நாலு பேர், அடுப்பைச் சுற்றி. பாப்பம்மா கண்ணை மூடியது ஆடி மாதம். உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அம்மா தடுத்தாள், இப்போது எழுதுகிறேன். காய்ச்சல், கால் வீக்கம், கொடுக்க மருந்தும் இல்லை நிலவேம்பும் இல்லை. ஆனால் கேள், கிழங்கு இருந்தது. கொல்லையை அழிக்கிறதுக்கு முந்தின நாளே மருதம்மாள் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கட்டு ஒடித்து, புருஷனுக்கு விளக்கு வைக்கப் போகிறவள்போலப் போய் இடுகாட்டுச் சரிவில் நட்டுவிட்டிருந்தாள். ஜப்பான்காரன் அங்கே போகமாட்டான், நம் ஆட்கள் அங்கே முளைத்ததைத் தொடமாட்டார்கள், அதைவிட நல்ல வேலி எது. அதே வேலிதான் அவள் தலையில் விழுந்தது. அந்தக் கிழங்கை வேகவைத்து மகள் வாயருகே கொண்டுபோனபோது பாப்பம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, செத்தவங்க மேல மொளைச்சத நான் திங்கமாட்டேன் ஆத்தா என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம். மூன்று நாள் திரும்பவே இல்லை. மருதம்மாள் அந்தக் கிழங்கைத் தின்றாள், இன்றைக்கும் நடமாடுகிறாள்.

இந்தச் சங்கதி குழாயடியில் உன் அம்மா காதில் விழுந்தது, உன் கடுதாசியும் அதே வாரம் வந்தது. கேட்டால் கொடுக்கமாட்டாள் என்று நானே முடிவுசெய்துகொண்டு வெள்ளிக்கிழமை மதியம் போனேன். இப்போதெல்லாம் நான் கட்டுவது கோணிச்சாக்கு, அதற்குள் தொடையோடு ஒட்டினாற்போல ஒன்பது குச்சியைச் செருகிக்கொண்டு பொய்க்கால் குதிரைபோல இறங்கி வந்தேன். பின்னாலிருந்து, என்னா ஒட்டுக்காரரே, காலு மடங்கலியா என்று குரல் வந்தது. திரும்பினால் மருதம்மாள், கையில் புல்வெட்டுகிற கத்தி. உருவுங்கய்யா ஒண்ணொண்ணா என்றாள். எனக்கில்லை, குணவதிக்கு என்றேன், நடந்ததை எல்லாம் சொன்னேன். பிறகு, அப்ப ஒண்ணு செய்யுங்க, எந்தக் குழி மேல ஒடிச்சீங்களோ அந்த ஆளு பேரச் சொல்லிட்டு எடுத்துக்குங்க என்றாள். சொன்னேன். சின்னையா. சின்னையா பெண்டாட்டி. அவர்கள் பிள்ளைகள் இரண்டும். எட்டாவது குச்சிவரை வந்துவிட்டேன். ஒன்பதாவது கறுப்புத்தண்டு, எல்லாவற்றிலும் கொழுத்து நின்றது, அது பாப்பம்மா குழியை வெட்டியவர்கள் தொடாமல் விட்ட செடி, அவள் தலைமாட்டில் ஒடித்தது. எனக்கு அழுகை முட்டியது, அழுகை முட்டினால் என் வாய் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். இந்த இடத்துல உரம் நல்லாப் பிடிச்சிருக்கு ஆத்தா என்று சொல்லிவிட்டேன். அதே குச்சியைப் பிடுங்கி அதாலேயே வாயில் அடித்தாள். ரத்தத்தைத் துப்பிவிட்டு நின்றேன். அவள் குச்சியைத் துடைத்து என்னிடமே கொடுத்தாள். அந்தப் புள்ள எம் மக தட்டுல சாப்பிட்டுச்சு, அதுக்காவக் குடுக்கறேன், ஒம்ம மொகத்துக்கில்ல, போங்க என்றாள். மடியிலிருந்து ஒரு விதை முடிச்சையும் எறிந்தாள்.

இப்போது சொல்வதைக் கவனி. சுங்கை பட்டாணியில் துணிக்கடை வைத்திருந்தாரே காஜா மைதீன், இப்போது துணி இல்லாமல் கடையை மட்டும் வைத்திருக்கிறார், அவர் ஏதோ காரியமாகத் தெற்கே ரயிலேறுகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், ஈரக்கோணியில் சுற்றி விறகுக்கட்டுபோலக் கட்டியிருக்கிறது. வந்ததும் ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு நடு. ஒரு முடிச்சு நூல் ஆறுமாசக்காரி, இரண்டு முடிச்சு குட்டைச்சி, மூன்று கறுப்புத்தண்டு. சிவப்புத்துணி கட்டியது பன்றிவிரட்டி, அதை ஓரத்தில் மட்டும் நடு, சீவி மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துப் பிழியாமல் அதை யார் கேட்டாலும் அடுப்பில் ஏற்றாதே. விதையைத் தனிப் பாத்தியில் தூவு, வருவது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒன்றையும் பிடுங்காதே, ஈரத்தில் எது நிற்கிறது வெயிலில் எது நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொள். என் பெயர் வைத்த குச்சியை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை, நாலில் ஒரு பங்கு நடு, அதற்கு மேல் வேண்டாம். ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப வேண்டாம். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், மாமனார் பேச்சு என்றால் எதிராகச் செய்வார், அதனால் உன் யோசனை என்றே சொல். முக்கியமாக, இது எங்கே முளைத்தது என்று ஒருவரிடமும் வாய்விடாதே. தஞ்சோங் டாவாயில் மீன்காரர் வீட்டில் வாங்கியது என்று சொல். பேத்தி சாப்பிட வேண்டும்.

உன் அம்மா அழகம்மா உனக்கும் பேத்திக்கும் முத்தம் சொல்லச் சொன்னாள், என் பல்லைப்பற்றி விரிவாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். உன் அடுப்பில் புகை அறாமல் இருக்கட்டும், உன் பிள்ளை உன் தோளுக்கு மேல் வளரட்டும், மாப்பிள்ளையைப் பெரட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றாமல் இருக்கட்டும். குச்சி கிடைத்ததும் இரண்டு வரி போடு.

உன் நன்மையையே நினைக்கும் அப்பன்,
ஒட்டுக்கட்டு முருகையா

எழுத விட்டுப்போனது: முந்தாநாள் கண்ணாடிக்காரன் புது ரகம் கொண்டுவந்து இறக்கினான், ஆயிரத்து எண்ணூறு குச்சி, எல்லாம் ஒரே செடியில் வெட்டியது. மேட்டில் இடம் போதாமல் இடுகாட்டுச் சரிவையும் வெட்டிச் சுத்தம் செய்து சேர்த்துக்கொண்டோம். வரிசை பிடித்துக் கொடுத்தது நான்தான். அதற்குக் கூலியாக ஒரு பிடி உப்பு கொடுத்தான், நேற்றுக் குழம்பில் உப்பு இருந்தது.