‘பெறாமகள்’ என்ற சொல்லைத் தவறாக எழுதியதால் நிறுத்தப்பட்ட மருத்துவப் பணியிடம் பற்றிய புகார்

அனுப்புநர்:
க. பூபாலசிங்கம் (வயது 74),
ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்,
எண் 27, தாமான் மெலோர்,
ஈப்போ, பேராக்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
நல்வழி சமூக உதவி மையம்,
ஈப்போ.

பொருள்: தங்கள் மையத்தின் ஆதரவுக் கடிதத்தில் நேர்ந்த பிழையை 26.6.2025க்குள் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் எழுத்தர் திரு. தர்மேந்திரன் 15.5.2025 அன்று தயாரித்த கடிதத்தால், என் தம்பி மகள் டாக்டர் சுவர்ணாவின் பயிற்சி மருத்துவர் பணியிடம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. விளக்கம் தர அவளுக்கு 1.7.2025 வரையே அவகாசம். அந்த விளக்கத்தைத் தங்கள் மையம்தான் தர முடியும். இரண்டு முறை நேரில் வந்து கேட்டேன், இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

2. சுவர்ணாவின் பெற்றோர் சாலை விபத்தில் இறந்தபோது அவளுக்கு வயது பதினொன்று. அன்று முதல் அவள் என் வீட்டில் வளர்ந்தாள். நான் அவளைச் சட்டப்படி தத்தெடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், உறவினர் பலரும் சொன்னார்கள். அவள் பெயருக்குப் பின்னால் என் தம்பி குணநாயகத்தின் பெயர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3. பட்டம் பெற்றபின் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுவது என்பதை அவளே ஆராய்ந்தாள். மருத்துவமனைகளின் பட்டியல் ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. முதல் தெரிவாகக் கடல் தாண்டிய சபா மாநிலத்தின் சண்டாக்கானைப் போட்டாள். அங்கே மருத்துவர்கள் குறைவு, கை சீக்கிரம் பழகும் என்பது அவள் கணக்கு. ஈப்போவுக்கு நான்காம் இடம் கொடுத்திருந்தாள். கேட்ட சண்டாக்கானே அவளுக்குக் கிடைத்தது. 14.7.2025 அன்று அவள் பணியில் சேர வேண்டும்.

4. ஈப்போவுக்கு மாற்றம் கேட்டு மேல்முறையீடு செய்யச் சொன்னவன் நான். என் மனைவி அன்னபாக்கியத்துக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. கண் அறுவைக்குப் பின் நான் கார் ஓட்டுவதில்லை. சுவர்ணா படிவத்தை இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் அப்படியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் படிவத்தில் கையெழுத்திட்டாள். குடும்பத்தார் சார்பில் ஆதரவுக் கடிதம் இருந்தால் நல்லது என்று கேள்விப்பட்டு, தங்கள் மையத்துக்கு நான் மட்டும் வந்தேன்.

5. விண்ணப்பதாரர் எனக்கு என்ன உறவு என்று திரு. தர்மேந்திரன் கேட்டார். “பெறாமகள்” என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் அண்ணன் தம்பி மகளை அப்படித்தான் சொல்வோம். பழக்கத்தில் வந்துவிட்டது. தம்பி மகள் என்று சொல்லியிருந்தால் இந்த மனுவுக்கே தேவை இருந்திருக்காது. அவர் அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டு, ‘அனாக் அங்காட்’, அதாவது தத்தெடுத்த மகள், என்று மலாயில் தட்டச்சு செய்தார். மலாயில் சகோதரரின் மகளுக்கு ‘அனாக் சவுடாரா’ என்று தனிச் சொல் உண்டு. முப்பத்தொரு ஆண்டு அரசாங்கக் கோப்புகளை எழுதியவன் என்ற முறையில் அதை அவரிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் மறுமொழியை அப்படியே தருகிறேன்: “பெறாத மகள்னா எடுத்து வளத்த மகதானே அங்கிள்? உங்க ஆளுங்க பேசறத எழுதணும்னா தனியா ஒரு டிக்‌ஷனரி வேணும்லா.” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மையத்தின் சுவரில் ‘சிரித்த முகமே எங்கள் சேவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்புக்கு அன்று குறைவில்லை.

6. நான் கையெழுத்திட்டேன். இதை மறைக்கவில்லை. பிழை என்று தெரிந்தே, எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள் என்ற கூச்சத்தில் கையெழுத்திட்டேன். வேலையில் இருந்த காலத்தில் வேறொருவர் இப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.

7. 10.6.2025 அன்று சுகாதார அமைச்சின் இடமளிப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் வேறு, தத்தெடுத்த பதிவு எங்கும் இல்லை, எனவே பொய்த் தகவல் தந்து சலுகை கேட்டதாகக் கருதப்படுகிறது என்று அதில் இருந்தது. மேல்முறையீட்டோடு சண்டாக்கான் பணியிடமும் நிறுத்தப்பட்டது. சுவர்ணா கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: “பெரியப்பா, நான் இன்னும் ஒரு நோயாளியைக்கூடத் தொடேல்ல. அதுக்குள்ள பொய்க்காரி எண்டு எழுதிட்டினம்.” என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

8. 12.6.2025 அன்று தங்கள் மையத்துக்கு வந்தேன். திரு. தர்மேந்திரன் என்னை நினைவில்லை என்றார். கையெழுத்தைக் காட்டியபின் நினைவு வந்தது. “நீங்க சொன்னீங்க, நான் எழுதுனேன். சைன் போட்டது யாரு, நானா?” என்றார். 17.6.2025 அன்று மீண்டும் வந்தேன். மையம் கொடுத்த கடிதத்தை மையம் திருத்தாது, அது வழக்கமில்லை என்றார். வீட்டு விண்ணப்பத்துக்காக வந்திருந்த ஒரு மூதாட்டி அப்போது எழுந்து நின்றார். கடிதம் தயாரித்த அன்றும் வரிசையில் எனக்கு அடுத்து நின்றவர் அவர். “தம்பி, அன்னைக்கு அய்யா என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. நீதான் விடல. நானும் சேந்து சிரிச்சேன், அதான் ஞாபகம் இருக்கு,” என்றார். அவர் பெயர் திருமதி செல்லாயி. மூடப்பட்ட ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இப்போது ஜெலாப்பாங் அடுக்குமாடியில் குடியிருக்கிறார். சாட்சி சொல்லச் சம்மதித்துள்ளார். அவரையும் திரு. தர்மேந்திரன், “பாட்டி, உங்க வேலைய மட்டும் பாருங்க” என்று உட்கார வைத்தார்.

9. அந்த நேரத்தில் தாங்கள் தங்கள் அறை வாசலில் நின்றிருந்தீர்கள். எல்லாவற்றையும் கேட்டீர்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டீர்கள். திரு. தர்மேந்திரனுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாமல் எழுதியதை நான் மன்னிக்கக்கூடும். தாங்கள் தெரிந்துகொண்டு சாத்திய கதவை மன்னிக்க என்னால் முடியவில்லை. இந்த வாக்கியம் கடுமையாக இருக்கிறதோ என்று யோசித்தேன். நீக்க மனம் வரவில்லை.

10. என் கோரிக்கைகள்:

(அ) ‘அனாக் அங்காட்’ என்பது தங்கள் மையத்தின் பிழை என்றும், விண்ணப்பதாரர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை என்றும் இடமளிப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். தங்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாதென்று அக்கடிதத்தை மலாயில் நானே எழுதி இணைத்துள்ளேன். ஆறு வரிகள். தங்கள் கையெழுத்தும் முத்திரையும் போதும். பிழையை அறிந்தே நான் கையெழுத்திட்டேன் என்பதும் அதில் ஒரு வரியாக உள்ளது. அந்த வரியைத் தாங்கள் எடுக்க வேண்டாம்.

(ஆ) ஈப்போவுக்கான ஆதரவைத் திரும்பப் பெற வேண்டும். சுவர்ணாவும் நேற்று மேல்முறையீட்டைத் திரும்பப் பெறும் படிவத்தை அனுப்பிவிட்டாள். என் மனைவியை ஏற்றிச் செல்ல டயாலிசிஸ் நிலையத்தின் வேன் வருகிறது. இதை முன்பே விசாரித்திருக்க வேண்டியவன் நான். அவள் கேட்டுப் பெற்ற ஊருக்கே போகட்டும்.

11. 26.6.2025 வியாழக்கிழமைக்குள் கடிதம் கைக்கு வராவிட்டால், மறுநாள் முதல் தினமும் காலை எட்டு மணிக்கு மையத்துக்கு வந்து, தங்கள் கதவுக்கு எதிரேயுள்ள நாற்காலியில் அமர்வேன். எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டேன். உறவு என்ன என்று யாராவது கேட்டால் மட்டும், பெறாமகள் என்று சொல்வேன், புரியும்வரை சொல்வேன்.

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
க. பூபாலசிங்கம்

இடம்: ஈப்போ
நாள்: 19.6.2025

இணைப்பு: சுவர்ணாவின் பிறப்புப் பத்திர நகல், 15.5.2025, 10.6.2025 தேதியிட்ட கடிதங்களின் நகல்கள். திருமதி செல்லாயியின் வாக்குமூலம். கையெழுத்துக்கான திருத்தக் கடிதம், இரண்டு பிரதிகள் (ஒன்று கெட்டுப்போனால் மற்றொன்று).