கூரையிலிருந்து சொன்ன சொல்

செப்டம்பர் 3, செவ்வாய்

மழை. பட்டறையில் காப்பி ஊற்றும்போது தம்பி கார்லண்ட் கோப்பைக்கு வெளியே மேசையில் ஊற்றினான். எங்கள் கார் பந்தயக் குழுவின் தலைவர் ஹாலிஸ் சிரித்தார்: "போன வாரம் பந்தயத்துல சுவத்துல மோதுனதுல மூளை கலங்கிடுச்சாடா?" அவனும் சிரித்தான். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஊற்றினான். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

பயிற்சி ஓட்டம். வழக்கம்போல மைதானக் கூரையின் உச்சியில் நின்று ரேடியோவில் தம்பியின் காதில் பேசினேன். வண்டிக்குள் இருப்பவனுக்குப் பக்கவாட்டும் தெரியாது, பின்னாலும் தெரியாது; எந்தப் பக்கம் வேறு வண்டி வருகிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். "உள்ள ஒருத்தன்", "வெளிய ஒருத்தன்", "காலி" — என் பிழைப்பே இந்தச் சொற்கள்தான்.

இன்று அவனே பார்க்க வேண்டியதை என்னிடம் கேட்டான். "அக்கா, முன்னாடி போறது ஒண்ணா, ரெண்டா?"

ஒன்றுதான்.

இறங்கியதும் ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டேன். ஒத்துக்கொண்டான். மோதியதிலிருந்து எல்லாம் இரட்டையாகத் தெரிகிறதாம். "அப்ப மைதான டாக்டர் விரலைக் காட்டினப்ப?"

"நாலு தெரிஞ்சுது. பாதியச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவி. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஞாயித்துக்கிழமை மட்டும்க்கா. நல்லா ஓட்டினா அடுத்த வருஷமும் வண்டி எனக்குத்தான். அப்புறம் டாக்டர்கிட்ட போறேன். கூரைமேல நீ இருக்கியே, எனக்கென்ன?"

செப்டம்பர் 7, சனி

ஹாலிஸிடம் சொல்லப் போனேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். "என்னம்மா லோரீன்?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நேற்றைய பந்தயத்தை இன்று எழுதுகிறேன்.

ஹேசல் ரிட்ஜ் சின்ன மைதானம். கிண்ணத்துக்குள் குண்டுகளை உருட்டிவிட்ட மாதிரி வண்டிகள் சுற்றும். நீட்டி மூச்சுவிட இடமில்லை. கார்லண்ட் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். அவ்வளவு நன்றாக அவன் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

முன்னால் ஒரு வண்டி சுழன்று குறுக்கே நின்றது. ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பக்கம் எங்களைப் பார்த்து. "மேல போ! சுவத்த ஒட்டிப் போ!" என்று கத்தினேன். போனான். அந்த மனிதரின் கதவுக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான்.

ஆபத்து என்று மஞ்சள் கொடி காட்டினார்கள். எல்லாரும் மெதுவாகச் சுற்றினார்கள். நாங்கள் இருவர் மட்டும் பேசும் அலைவரிசையில் அவனுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. "ரெண்டு வண்டி தெரிஞ்சுதுக்கா. எது நெசம்னு தெரியல. குருட்டாம்போக்குல ஒண்ணப் பாத்துப் போனேன்."

குழு முழுக்கக் கேட்கும் பொது அலைவரிசைப் பித்தானை அழுத்தினேன். "ஹாலிஸ், அவன உள்ள கூப்பிடுங்க. அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அந்த அலைவரிசையை ரசிகர்களும் காதுக்கருவியில் கேட்பார்கள். அது எனக்குத் தெரியாதா? கீழே தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன.

"பொய் சொல்றா!" — கார்லண்ட். "வண்டி நல்லாருக்கு, நான் நல்லாருக்கேன்."

ஹாலிஸ் கீழிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "உள்ள வாடா."

வராமல் இன்னும் ஒரு சுற்று போனான். அப்புறம் வந்தான். இறங்கிக் கையுறையைத் தரையில் அடித்தான். கூரைப் பக்கம் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 11, புதன்

மருத்துவச் சோதனை முடிந்தது. இனி அவன் ஓட்டக் கூடாது. எப்போது வரை என்று யாரும் சொல்லவில்லை.

அவன் மனைவி மார்லீ போன் செய்தாள். "சனிக்கிழம ஹாலிஸ்கிட்ட தனியாச் சொல்லிருக்கலாமே அண்ணி? ஊருக்கே கேக்குற மாதிரியா?"

சொல்லியிருக்கலாம். 

செப்டம்பர் 14, சனி

எனக்கும் வேலை போயிற்று. ஹாலிஸ் நேரில் வந்து சொன்னார், நல்ல மனிதர். "நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா புதுசா வண்டி ஓட்ட வர்றவன் பயப்படுறான். நாளைக்கு என்னையும் இப்படிச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேக்குறான்."

அம்மா போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

தொலைக்காட்சியில் எங்கள் வண்டி. உள்ளே வேறு யாரோ. அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 10

சோளரொட்டி செய்தேன். தின்னப் பிடிக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால்? அவன் ஜெயித்திருக்கலாம். அடுத்த சுற்றில் இன்னொரு மனிதர் செத்திருக்கலாம். எதுவுமே நடக்காமலும் போயிருக்கலாம் — அதுதான் என்னைக் கொல்கிறது. நடக்காத ஒன்றை எப்படி நிரூபிப்பது? நான் என்னதான் செய்திருக்க வேண்டும்?

நவம்பர் 4, திங்கள்

காலையில் கார்லண்டே கூப்பிட்டான். நாக்ஸ்வில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மார்லீக்கு வேலை இருக்கிறது. நான் வண்டியில் கூட்டிப்போக வேண்டுமாம்.

வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மெலிந்திருக்கிறான். கண்ணுக்குப் போகும் நரம்பு நைந்துவிட்டது, இனி சரியாகாது என்றார் டாக்டர். "இன்னொரு தடவ மோதியிருந்தா?" என்று கேட்டான். டாக்டர் மேசையைப் பார்த்தார்.

அவனைத் திரும்பக் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்றான்.

"உன்ன நான் மன்னிக்கல."

"தெரியும்டா."

"வியாழக்கிழம மறுபடி வரச் சொல்லிருக்காங்க."

"எத்தன மணிக்கு?"

"எட்டுக்கு." கதவைச் சாத்திவிட்டுப் போனான். படியைக் காலால் தடவித் தடவி ஏறினான். உள்ளே போகும்வரை வண்டியை எடுக்காமல் இருந்தேன்.